ஃப்ரிட்ஜ் ஏறுமா? லிட்டரை விடுங்கள், டேப்பை எடுங்கள்

கேள்வி: சேலத்தில் தனிக்குடித்தனம் போகும் மகளுக்கு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ எல்லாம் கொண்டுபோக வேண்டும். சீசனில் தோட்டத்து மாங்காயும் ஏற்றுவோம். நான் வேகன்ஆர் வாங்கலாம் என்கிறேன். கொழுந்தனாரோ டிசையருக்குத்தான் டிக்கி பெரிசு என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: நீங்கள் சொல்வதுதான். கொழுந்தனார் கணக்கிலும் தப்பில்லை, புது டிசையர் டிக்கி 382 லிட்டர், வேகன்ஆர் 341. ஆனால் அது பின்சீட்டை மடக்காமல் அளந்த கணக்கு, சூட்கேஸ் அடுக்குகிறவருக்குத்தான் பயன்படும். டிசையர் மாதிரி செடானில் டிக்கி எவ்வளவு ஆழமாக இருந்தாலும் வாய் சின்னது, பலவற்றில் பின்சீட்டும் மடங்காது, ஃப்ரிட்ஜ் வாசலிலேயே நின்றுவிடும். வேகன்ஆர் மாதிரி ஹேட்ச்பேக்கில் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து கூரை வரை தூக்கித் திறக்கிறது, சீட்டையும் மடக்கினால் முன்சீட்டின் முதுகு வரை இடம்.

ஷோரூமுக்கு டேப்போடு போங்கள். கதவு திறப்பின் அகலம், உயரம், சீட்டை மடக்கிய பிறகு உள்ளே கிடைக்கும் நீளம், இந்த மூன்றும் போதும். சீட்டை நீங்களே மடக்கிப் பாருங்கள், 60:40 ஆகப் பிரிந்து மடங்கும் சீட் எல்லா வேரியன்ட்டிலும் வராது. மடக்கிய இடத்தில் பெரும்பாலும் ஒரு படி நிற்கும், பழைய ஜமக்காளத்தை மடித்துப் போட்டுச் சமம் செய்யலாம். சிஎன்ஜி வண்டி என்றால் யோசியுங்கள், வேகன்ஆரில் சிலிண்டர் உட்காருவதே டிக்கியில்தான்.

ஃப்ரிட்ஜைப் படுக்க வைக்காமல் முடியாது. பக்கவாட்டில் படுக்க வையுங்கள், முதுகுப் பக்கம் வேண்டாம். படுத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும், அதனால் வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்துத்தான் சுவிட்ச் போட வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள், பிரேக் போட்டால் முன்னால் பாய்ந்து வரும்.

கட்டில் கழற்றுகிற மாதிரி என்றால், முன் பயணி சீட்டைச் சாய்த்து நீளச் சட்டங்களை உள்ளே விடலாம், அந்தச் சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. பின்கதவைத் திறந்து வைத்து நீட்டிக்கொண்டு மட்டும் போகாதீர்கள். சைலன்ஸர் புகை உள்ளே சுழலும், அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அப்புறம், அனுமதித்த அளவுக்கு மேல் சுமை வெளியே நீண்டால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், சுமையை இறக்குகிற செலவும் உங்கள் தலையில்தான்.

பீரோவுக்கு எந்தக் காரும் வேண்டாம், குட்டி யானை பிடியுங்கள். குட்டி யானை வந்தபிறகு ஃப்ரிட்ஜும் கட்டிலும் அதிலேயே போய்விடும், உண்மையில் நீங்கள் கார் வாங்குவது மாங்காய்க்குத்தான். அதில் இடத்தைவிட எடையைப் பாருங்கள். கிரேட்டுக்கு 20 கிலோ என்று வைத்தாலே 15 கிரேட் 300 கிலோ, ஓட்டுபவரோடு சேர்த்தால் கிட்டத்தட்ட ஐந்து பேர் உட்கார்ந்த பாரம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்கான காற்றழுத்தம் இருக்கும், அதன்படி காற்றடியுங்கள். பின்பாரத்தில் ஹெட்லைட் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசும், லெவல் திருகி இருந்தால் இறக்குங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறக்கம் என்பது உங்களுக்கே தெரியும், நியூட்ரலில் விடாமல் கீழ் கியரில் இறங்குங்கள். காம்பிலிருந்து வடியும் பால் சீட் துணியில் பட்டால் கறை போகாது, தார்ப்பாய் விரித்தே பெங்களூரா மாங்காயை ஏற்றுங்கள்.

கேள்வி: பக்கத்துத் தோட்டத்து மாங்காயையும் என் காரில் வாடகைக்கு ஏற்றலாமா?
- வாசகர், சந்தூர்

பதில்: கூடாது. வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வாங்கினால் சொந்த உபயோகத்துக்குப் பதிந்த வண்டியை வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். வழியில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணத்தை மறுக்க அவர்களுக்கு அதுவே போதும்.