பலகை சொல்லும் வயதும் கட்டடத்தின் வயதும்: கேள்வி பதில்

எங்கள் ஊர் சிவன் கோயில் வாசலில் '2000 ஆண்டுப் பழமை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். தேவாரப் பாடலும் உண்டு. அப்படியென்றால் கட்டடம் சம்பந்தருக்கும் முந்தையதா சார்?

தலம் முந்தையது. கட்டடம் அநேகமாக இல்லை. பாடல் பெற்ற காலத்தில் சோழநாட்டுக் கோயில்களில் பெரும்பாலானவை செங்கல்லும் மரமும்தான். 10ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி போன்றவர்கள் அவற்றில் பலவற்றைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுத்துக் கட்டினார்கள்.

கோபுரத்தைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அது பெரும்பாலும் கடைசியில் வந்தது. கருவறைச் சுவரின் அரைத்தூண்களுக்கு மேலே உத்திரத்தைத் தாங்கும் போதிகையைப் பாருங்கள். வளைந்து அலை அலையாக இருந்தால் பல்லவர் அல்லது முற்காலச் சோழர். சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு பட்டை முன்நீண்டிருந்தால் முதலாம் ராஜராஜன் காலத்தை ஒட்டியோ பிறகோ. பூமொட்டு தொங்கினால் விஜயநகர, நாயக்கர் காலம். ஒரே ஒரு தூணை நம்பக் கூடாது, பழைய தூணைப் புது மண்டபத்தில் செருகுவது சகஜம்.

கருவறைச் சுவரில் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றும் 'யாண்டு ௩௰' என்றும் படிக்க முடிகிறது. எந்த வருஷம்?

முதலாம் பராந்தகன். 'மதிரை கொண்ட' (மதுரையை வென்ற) இருந்ததால் பிழைத்தீர்கள். வெறும் 'கோப்பரகேசரி' மட்டும் என்றால் திண்டாட்டம்தான். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாற்றி மாற்றிச் சூட்டிக்கொண்டவர்கள். பராந்தகன் பட்டமேற்றது 907. ௩௰ என்றால் 30. முதல் ஆண்டையும் சேர்த்து எண்ண வேண்டும், ஆகவே 936-37.

இது தானம் கொடுத்த ஆண்டு, சுவர் கட்டிய ஆண்டு அல்ல. அன்றைக்குச் சுவர் நின்றது என்பதற்கு மட்டும் சாட்சி. அதற்கும் இரண்டு சோதனை உண்டு. வரி பக்கத்துக் கல்லிலும் அறுபடாமல் தொடர்கிறதா? பாதியில் நின்றாலோ, எழுத்து தலைகீழாக இருந்தாலோ கல் வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டாவது, எழுத்து மன்னரின் காலத்துக்குப் பிந்தைய வடிவமா? திருப்பணியின்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டுவார்கள். திருக்கோடிக்காவலில் செம்பியன் மாதேவி செய்தது அதுதான்.

சுண்ணாம்பு மூடிய எழுத்து என்றால் இரவில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடியுங்கள், பள்ளம் நிழலாகத் தெரியும். சாக்பீஸ், எண்ணெய் வேண்டாம். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யவே விடாதீர்கள். சுண்ணாம்போடு எழுத்தும் போய்விடும்.

ஐயா, யாழ்ப்பாணத்தில எங்கட அம்மம்மாவின்ர வீடு முருகைக்கல் சுவர். ஒல்லாந்தர் காலத்து வீடு எண்டு சொல்லுகினம். கல்லை வச்சுச் சொல்லேலுமோ?

கல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒல்லாந்தருக்கு (டச்சுக்காரர்களுக்கு) முன்னும் பின்னும் அங்கே முருகைக்கல் எனும் பவளப்பாறைக் கல்தான். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் அந்தக் கூரை 1865க்குப் பிந்தையது, சுவிஸ் கிறித்தவ அமைப்பான பாசல் மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே அந்த ஆண்டுதான். பீலி ஓட்டை (வளைந்த நாட்டு ஓட்டை) எடுத்துவிட்டு அதைப் போட்டிருக்கலாம் என்பதால் சுவர் இன்னும் பழையதாக இருக்கக்கூடும். காணி உறுதிகளை (நிலப் பத்திரங்களை) பின்னோக்கிப் படியுங்கள். நிலத்தை விவரிக்கும் பகுதியில் 'கல்வீடு' என்ற சொல் வரும் மிகப் பழைய உறுதிதான் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல ஆதாரம்.

அண்ணா, தாத்தா வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு தரையிலிருந்து இரண்டடிக்கு உதிருது. மேஸ்திரி சிமென்ட் பூசிடலாம்ங்கறார்.

வேண்டாம் தம்பி. பழைய சுவருக்கு அடியில் ஈரத் தடுப்பு கிடையாது, அது நிலத்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அடைத்துவிடும், ஈரம் அதற்கு மேலே ஏறி, உப்பு செங்கல்லின் முகத்தையே பொரித்துத் தள்ளும்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார். தெருவை மேடாக்கியதால் மழைநீர் சுவரோரம் நிற்கிறதா? மாடிக் குழாய் அங்கேயே கொட்டுகிறதா? அதைச் சரிசெய்யாமல் எதைப் பூசினாலும் வீண். பிறகு தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, இணைப்புகளை அரை அங்குலம் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷால் தட்டு. கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போகும். 15 நாளாவது தண்ணீரில் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. கடற்கரை மணல் கூடவே கூடாது. கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரை அளவாகச் சேர்த்து அரைக்க வேண்டும். சுவரை நனைத்து ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பூசி, ஈரச் சாக்கு கட்டி ஒரு வாரம் காயவிடாமல் பார்த்துக்கொள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும். மேலே வெள்ளையடி, எமல்ஷன் அடிக்காதே.

வாசல் நிலையில் 'விசுவாவசு வருஷம் தை மாசம்' என்று மட்டும் செதுக்கியிருக்கிறது.

60 ஆண்டுச் சுற்று. 1966, 1906, 1846 ஆகியவற்றின் தை மாதங்களில் ஒன்று. தேதியோடு கிழமையும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தில் ஒப்பிட்டு ஒன்றைப் பிடிக்கலாம்.

மத்தியத் தொல்லியல் துறைக் கோயிலுக்கு 80 மீட்டரில் எங்கள் ஓட்டு வீடு. இடித்துக் கட்டலாமா?

முடியாது. தொல்சின்னங்கள் சட்டத்தின் 2010 திருத்தத்தின்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்குத் தடை, கோபுரத்திலிருந்து அளக்காதீர்கள். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர், அதாவது எல்லையிலிருந்து 300 மீட்டர் வரை அனுமதி பெற்றுக் கட்டலாம். 100 மீட்டருக்குள் பழுது பார்க்கலாம், அதற்கும் முன் அனுமதி வேண்டும்.