குடும்பத்தோடு ஆர்.வி.யில் (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டியில்) அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தைச் சுற்ற முடியுமா? குழந்தைகளுக்குச் சிரமமாக இருக்குமா?

முடியும். நாங்கள் நான்கு பேர், பதினோரு வயது மகனும் ஏழு வயது மகளும் சேர்த்து. 2023 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலஸில் 25 அடி நீள வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஒன்பது நாள் சுற்றினோம். கார் லைசென்ஸே போதும். இவ்வளவு பெரிய வண்டியை எப்படி ஓட்டுவது என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது இரண்டாம் நாளே பழகிவிடும். பெட்ரோல் லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும், அதுவும் பழகிவிடும். பழகாதது தண்ணீர்க் கணக்கு.

எங்கள் வண்டியில் நல்ல தண்ணீர் 150 லிட்டர். குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் போய்ச் சேர ஒரு தொட்டி, கழிப்பறைக்கு இன்னொன்று. நல்ல தண்ணீர் தீர்ந்தாலும் சரி, மற்ற இரண்டில் ஒன்று நிரம்பினாலும் சரி, கிளம்ப வேண்டியதுதான். எங்களுக்கு முதலில் நிரம்பியது பாத்திரம் கழுவிய தண்ணீர். சாம்பார், தயிர் என்று தட்டு தட்டாகக் கழுவினால் வேறென்ன ஆகும்? மூன்றாம் நாளிலிருந்து டிஷ்யூவால் துடைத்த பிறகே கழுவுவது என்று மனைவி சட்டம் போட்டாள். ஷவரை மூடிவிட்டு ஒரு சின்ன வாளியும் மக்கும் வாங்கினோம். ஆளுக்கு ஐந்து லிட்டரில் குளியல் முடிந்தது. சென்னையில் தண்ணீர் லாரி பின்னால் குடத்தோடு ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள், இது ஒன்றும் புதிதில்லை.

கழிவை இறக்குவதைப் பற்றி யாரும் விளக்கமாக எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். டம்ப் ஸ்டேஷன் என்ற இடத்தில் தரையில் ஒரு குழி வாய் இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு, தடித்த குழாயை வண்டியிலும் அதிலும் மாட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். அப்புறம் சோப்புத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். வரிசையை மாற்றினால் வருத்தப்படுவீர்கள். இடையில் எங்கே நின்றாலும் கழிப்பறை வால்வை மூடியே வைத்திருங்கள். திறந்து விட்டால் தண்ணீர் மட்டும் வடிந்து, மற்றது உள்ளேயே இறுகிவிடும். முதல் தடவை எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. மகன் பத்தடி தள்ளி நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வர்ணனை கொடுத்தான்.

அதனால் நாங்கள் தங்கும் இடங்களை அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, குழாயையும் குழி வாயையும் பார்த்தே தேர்ந்தெடுத்தோம். ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில் பல முகாம்களில் தண்ணீரே கிடையாது. தெற்கு வாசல் பக்கம் காட்டன்வுட் முகாமில் தண்ணீர், டம்ப் ஸ்டேஷன் இரண்டும் உண்டு. அங்கிருந்து கிழக்கே ஐ-10 சாலையில் போனால் அரிசோனா எல்லையைத் தாண்டியதும் குவார்ட்ஸைட். சின்ன ஊர்தான். ஆனால் குளிர்காலத்தில் வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் வண்டிகளால் ஊரைச் சுற்றியுள்ள பாலைவனமே வண்டிக் காடாக இருக்கும். அரசு நிலத்தில் 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம். நாங்கள் அதை விட்டுவிட்டு லா போசா என்ற இடத்தில் 40 டாலர் கட்டினோம். இரண்டு இரவுக்கு அது வீண்செலவு மாதிரி தெரியும். ஆனால் தண்ணீரும் கழிவு இறக்கும் வசதியும் அதில் அடக்கம். ஊர்க் கல்லறையில் ஒரு பிரமிடு, உச்சியில் ஒட்டக உருவம். 1856-இல் அமெரிக்க ராணுவத்தின் ஒட்டகங்களை மேய்க்க வந்த ஹாஜி அலியின் சமாதி அது. பெயரை வாயில் நுழைய வைக்க முடியாமல் 'ஹை ஜாலி' என்றே ஆக்கிவிட்டார்கள்.

லா போசாவில்தான் ஹீட்டர் கதை நடந்தது. பகலில் பனியன் போதும், விடிகாலையில் ஐந்து டிகிரி. ஹீட்டர் கேஸில் எரிகிறது, கவலையில்லை என்று இரவு முழுக்க ஓட விட்டேன். சூட்டை ஊதும் விசிறி பேட்டரியில் ஓடுகிறது என்பது நாலு மணிக்கு எல்லாம் அணைந்தபோதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் ஜெனரேட்டரைப் போட்டால் அக்கம்பக்கம் அடிக்க வரும். பக்கத்து வண்டிக் கனடாக்காரப் பெரியவர் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னார்: படுக்கும் முன் பேட்டரியை நிரப்பு, ஹீட்டரைக் குறைத்து வை, இன்னொரு கம்பளி வாங்கு. மூன்றையும் செய்தோம்.

அவர் சொன்ன இன்னொன்று, வறண்ட ஓடைப் படுகையில் வண்டியை நிறுத்தாதே என்பது. மணல் சமமாக, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். எங்கோ மலையில் பெய்த மழை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளமாக வந்துவிடும்.

கோடையில் போகாதீர்கள். நாங்கள் போய் வந்த அதே ஆண்டு ஜூன் 30 முதல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. கிராண்ட் கேன்யன் எங்கள் முதல் திட்டத்தில் இருந்தது. அது 7,000 அடி உயரம், மார்ச்சிலும் இரவில் குழாய் உறையும் என்பதால் வெட்டிவிட்டோம். பதிலாக மெக்சிகோ எல்லையோரம் ஆர்கன் பைப் கள்ளிப் பூங்காவில் மூன்று இரவு சும்மா இருந்தோம். பயணத்திலேயே சிறந்த நாட்கள் அவைதான்.

குழந்தைகள் விஷயம் கேட்டீர்களே. அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, ஒரே ஒரு தடவை தவிர. ஜோஷுவா ட்ரீயில் சோய்யா (cholla) என்ற கள்ளி ஒன்று தோட்டம் போல நிற்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு மாதிரி. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று ஒட்டிக்கொள்ளும். மகள் காலில் ஒட்டியது. கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். சீப்பைக் கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, வெளிப்பக்கமாக ஒரே சுண்டு, போய்விடும். இரண்டு சீப்பாக எடுத்துப் போங்கள். கள்ளி எடுத்த சீப்பால் தலை வாரிக்கொள்ள மாட்டேன் என்று கடைசி நாள் வரை அடம்பிடித்தாள்.