தீபாவளி மாதிரி ஒரு கிறிஸ்துமஸ்

அன்புள்ள அண்ணா,

நான் காசிமேட்டுப் பெண். வேலை பெங்களூரில். போன கிறிஸ்துமஸுக்கு அம்மா சுட்டுக்கொடுத்த அதிரசமும் அச்சு முறுக்கும் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். வீட்டில் மதியம் பிரியாணி என்றும் சொன்னேன். "இது தீபாவளி மாதிரி இருக்கே, கேக் எங்கே, வைன் எங்கே?" என்றார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. நாம் கொண்டாடுவது அசல் இல்லையா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

தீபாவளி மாதிரிதான் இருக்கும். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டையில் பல குடும்பங்கள் ஒரே காம்பவுண்டில் இருப்பவை. தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தர யாருக்கும் மனம் வராது. ரம்ஜானுக்கு வந்த பிரியாணிக்கும் பதில் செய்யவேண்டும். கிறிஸ்துமஸ் அன்று நம் வீட்டுத் தட்டு எல்லார் வீட்டுக்கும் போகும். வாங்கியவர்கள் மனசார சாப்பிடவும் வேண்டும். அதனால்தான் பலகாரம்.

அச்சு முறுக்குக்கு அரிசிமாவு, தேங்காய்ப்பால், எள் சேர்த்துக் கரைத்த மாவில் பாதியைச் சைவ வீடுகளுக்கென்று முதலில் சுட்டு எடுத்துவைத்துவிட்டு, மீதியில் மட்டும் முட்டை உடைத்து ஊற்றும் அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, மாவில் முக்கால்வாசிதான் முக்குவார்கள். மேல்விளிம்பில் மாவு ஏறிவிட்டால் முறுக்கு கழலாது. இத்தனை பாடும் பெரும்பாலும் அடுத்த வீட்டுக்காக. இதைவிட அசலான கிறிஸ்துமஸ் எனக்குத் தெரியாது.

கேக் கேட்டார்களே, அதுவும் ஊருக்கு ஊர் மாறியதுதான். கேரளத்துத் தலச்சேரியில் 1883-ல் மம்பள்ளி பாபு என்ற பேக்கரிக்காரர் பிளம் கேக் செய்தபோது பிராந்திக்குப் பதில் உள்ளூர்ச் சரக்கைத்தான் சேர்த்தார் என்பார்கள். அலகாபாத் கேக்கில் நெய்யும் பூசணிக்காய் மிட்டாயும் சேரும். கொல்கத்தாக்காரர்கள் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வரிசையில் நிற்பது 1902-ல் ஒரு யூதக் குடும்பம் தொடங்கிய நாஹூம்ஸ் கடையில். மிசோரம் போனால் கேக்கைவிட, சபையார் எல்லாரும் கூடிச் சமைத்துச் சாப்பிடும் விருந்துதான் பெரிது. கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்களில் பலர் 25 நாள் நோன்பிருந்து, கோயில் முற்றத்து நெருப்பைச் சுற்றி வழிபட்ட பிறகே இறைச்சியைத் தொடுவார்கள்.

அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். பாரிமுனை அரண்மனைக்காரத் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மீனியர் கோயில் இருக்கிறது. அவர்கள் மரபில் கிறிஸ்து பிறப்பு ஜனவரி 6. பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில் கேக்கும் வைனும் உண்டு, முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்திச் சுருட்டிப் பொரிக்கும் கல்கல்லும் உண்டு. கூடவே நம் அச்சு முறுக்கும் 'ரோஸ் குக்கி' என்ற பெயரில் வந்துவிடும்.

இந்த வருஷமும் அதே டப்பாவைக் கொண்டுபோங்கள், கொஞ்சம் கூடுதலாகவே. உங்கள் ஆபீசில் மங்களூர்க் கத்தோலிக்கர் யாராவது இருப்பார். அவர் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பங்கிடும் குஸ்வார் தட்டில் என்னென்ன வைப்பார்கள் என்று எல்லார் முன்னாலும் கேளுங்கள். அச்சு முறுக்கும் அதில் உண்டு.