கேள்வி–பதில்: சொந்த டொமைனுக்கு பேக்கப் மெயில் சர்வர்

கேள்வி: என் மெயில் சர்வர் ஒரு நாள் படுத்துவிட்டால் வரவேண்டிய மெயில்கள் தொலைந்துவிடுமா? பேக்கப் வைத்தே ஆக வேண்டுமா?

பதில்: தொலையாது. உங்கள் சர்வர் எடுக்காவிட்டால், அனுப்பும் சர்வர் மெயிலைத் தன் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்பது எஸ்எம்டிபி (மெயில் சர்வர்கள் தங்களுக்குள் மெயில் அனுப்பும் முறை) விதி. பேக்கப் என்பது முதன்மை சர்வர் நின்றிருக்கும்போது மெயிலை வாங்கி வைத்து, அது எழுந்ததும் அதற்கு அனுப்பும் இரண்டாவது சர்வர். அதனால் ஓரிரு நாள் தடங்கலுக்காக மட்டும் பேக்கப் வேண்டாம். வாரக்கணக்கில் சர்வரைப் பார்க்க ஆளில்லாமல் போகும் என்றால் வையுங்கள்.

கேள்வி: போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில் பேக்கப் போட்டு, எம்எக்ஸ் ரெக்கார்டில் (டொமைனின் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில்) முதன்மைக்கு 10, பேக்கப்புக்கு 20 கொடுத்தேன். பேக்கப்பில் ஸ்பேம் கொட்டுகிறது. என்ன தவறு?

பதில்: எண்கள் சரிதான், சிறிய எண்ணுக்கே முதலிடம். ஆனால் பெரிய எண்ணுள்ள சர்வரில் காவல் தளர்வாக இருக்கும் என்று ஸ்பேம் அனுப்புவோர் அதையே தேடி வருவார்கள். இல்லாத முகவரிக்கு வரும் மெயிலையும் பேக்கப் வாங்கி வைத்தால், முதன்மை சர்வர் பிறகு அதை மறுக்கும். உடனே பேக்கப் ‘சேரவில்லை’ என்று அனுப்புநருக்கு எழுதும். அந்த அனுப்புநர் முகவரியே போலி என்பதால், சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் அதை வாங்குவார். இது தொடர்ந்தால் உங்கள் ஐபி தடுப்புப் பட்டியலில் ஏறிவிடும். எந்தெந்த முகவரிகள் உண்மையில் உள்ளன என்ற பட்டியல் இல்லாத பேக்கப்பைவிட, பேக்கப்பே இல்லாமல் இருப்பது மேல்.

பேக்கப்பின் போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பில், டொமைனை ‘ரிலே டொமைன்ஸ்’ (வாங்கி வேறு சர்வருக்கு அனுப்ப வேண்டிய டொமைன்கள்) வரியில் மட்டும் எழுதுங்கள். ‘மைடெஸ்டினேஷன்’ (இங்கேயே சேர வேண்டிய டொமைன்கள்) வரியிலும் இருந்தால், மெயில் தனக்கே வந்ததாக எடுத்துக்கொண்டு அங்கேயே போட்டுவிடும். ‘ரிலே ரெசிபியன்ட் மேப்ஸ்’ கோப்பில் உண்மையான முகவரிகளை வரிக்கு ஒன்றாக எழுதி, பக்கத்தில் ‘ஓகே’ போட்டு, அதை போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவாக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். பட்டியலில் இல்லாத முகவரிக்கு வாசலிலேயே 550 என்ற நிரந்தர மறுப்புப் பதில் போகும். பவுன்ஸ் (‘சேரவில்லை’ என்ற பதில் மெயில்) எழுதும் வேலை உங்களுக்கு வராது. முதன்மையில் புது முகவரி திறக்கும் அன்றே இங்கும் சேர்த்துவிடுங்கள். விட்டுப்போனால், முதன்மை நின்றிருக்கும்போது அந்த முகவரிக்கு வரும் நல்ல மெயிலும் நிரந்தரமாக மறுக்கப்படும்.

மெயில் க்யூவில் அதிகபட்சம் எத்தனை நாள் காத்திருக்கலாம் என்பதுதான் ‘மேக்ஸிமல் க்யூ லைஃப்டைம்’. அதைச் சொல்லாமல் விட்டால் 5 நாள்தான். அனுப்புநரின் சர்வரே அவ்வளவு காத்திருக்குமே! 30 நாளாக்குங்கள்.

முதன்மை சர்வரிலும் ஒரு வேலை உண்டு. பேக்கப் வழியாக வரும் மெயில் பேக்கப்பின் ஐபியிலிருந்து வருவதால் எஸ்பிஎஃப் சோதனையில் (அனுப்புநரின் டொமைன் அனுமதித்த ஐபியிலிருந்து வந்ததா என்று பார்ப்பது) தோற்கும். அந்த ஐபிக்கு எஸ்பிஎஃப், கிரேலிஸ்டிங் (தெரியாத அனுப்புநரை முதல் முறை ‘பிறகு வா’ என்று திருப்பும் வழி) இரண்டிலும் விலக்கு கொடுங்கள். அதற்காக ‘மைநெட்வொர்க்ஸ்’ (நம்பும் ஐபிகள்) வரியில் சேர்க்காதீர்கள். உங்கள் சர்வர் வழியாக வெளியே எங்கும் அனுப்பும் அனுமதியும் அதோடு போய்விடும். ஸ்பேம் வடிகட்டியை முதன்மையில் இருக்கும் அதே கண்டிப்போடு பேக்கப்பிலும் வையுங்கள்.

கேள்வி: எம்எக்ஸில் ஐபி எண்ணையே எழுதலாமா?

பதில்: கூடாது. ஹோஸ்ட் பெயர்தான். அந்தப் பெயருக்கு நேரடியாக ஏ ரெக்கார்டு (பெயருக்கு ஐபி சொல்லும் பதிவு) இருக்க வேண்டும், சிநேம் (வேறு பெயரைக் காட்டும் பதிவு) ஆகாது.

கேள்வி: ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் பேக்கப்பில் ‘மெயில் லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்’ (மெயில் என்னிடமே திரும்பி வருகிறது) என்று பிழை வருகிறது.

பதில்: எம்எக்ஸில் உள்ள வெளி ஐபி தன்னுடையதுதான் என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குத் தெரியவில்லை. ‘ப்ராக்ஸி இன்டர்ஃபேஸஸ்’ வரியில் அந்த ஐபியை எழுதி, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் தொடங்குங்கள்.