யாருடைய பாட்டு?

கேள்வி: ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ போன்ற சுயாதீன இசைக்குழுக்களின் பாடல்களில் கோஷம்தான் கேட்கிறது. தனிப்பட்ட அனுபவம் எங்கே இருக்கிறது?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: ‘தனிப்பட்ட’ என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் உங்களோடு மல்லுக்கு நிற்கிறேன். அந்தக் குழுவில் பாடிய ராப் பாடகர் அறிவு, 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாட்டைத் தன் பாட்டி வள்ளியம்மாளை நினைத்து எழுதினார். பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, இங்கே ஒரு துண்டு நிலம்கூட இல்லாமல் வந்து சேர்ந்தவர். பேரன் பாட்டியைப் பாடுவதைவிடத் தனிப்பட்ட விஷயம் வேறென்ன?

ஆனால் அந்தத் தலைமுறை தன் இஷ்டத்துக்கா இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது? இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். உனக்கு எங்கே இருக்கப் பிரியம் என்று தோட்டத்துச் சனங்களை ஒருவரும் கேட்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை தன் குடும்பக் கதையைச் சொன்னாலே அதில் அரசியல் இருக்கும். அதைக் கோஷம் என்று தள்ளுவது அநியாயம்.

குழுவின் உயிரே கானாதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியபோது ராப், ராக், பறையோடு வடசென்னைக் கானாவும் ஏறியது. சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுகிற மரண கானாவைக் கேட்டிருக்கிறீர்களா? இறந்தவர் பெயர், அவர் பார்த்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் என்று எல்லாம் பாட்டுக்குள் வரும். அந்த ஒரு வீட்டுக்காக, அந்த ஒரு ராத்திரிக்காகக் கட்டிய பாட்டு. சினிமா கானாவின் தாளத்தை எடுத்துக்கொண்டது, செத்தவன் பெயரை விட்டுவிட்டது. பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவை இந்தக் குழுவின் பாடகி இசைவாணி பாடுகிறார். அந்தக் குரலில் தனிப்பட்ட அனுபவம் இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது?

என் பழைய சண்டையும் இதில்தான் வருகிறது. அந்தக் காலத்து இலங்கை வானொலியில் பாட்டு போடுவதற்கு முன்னால் படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று எல்லாப் பெயரையும் சொல்வார்கள். இன்றைக்கு எஃப்எம்மில் நாள் முழுக்கப் பாட்டு ஓடுகிறது, எழுதியவர் பெயர் மட்டும் வருவதில்லை. இதைப் பல வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன், இனியும் எழுதுவேன். 2021இல் ஒரு பிரபல இசை இதழின் அட்டையில் அறிவு இல்லாமல்போனதும், அடுத்த வருடம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அவர் இல்லாமலே ‘எஞ்சாய் எஞ்சாமி’ ஒலித்ததும் பெரிய சர்ச்சையாயின. அந்தப் பாட்டில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பதைச் சம்பந்தப்பட்டவர்கள் பேசித் தீர்க்கட்டும். பாட்டியின் கதையைக் கொண்டுவந்தவர் பெயர் விடுபடக் கூடாது, எனக்கு அதுதான் முக்கியம்.

நம் பத்திரிகைக்குப் பாட்டு விமர்சனம் அனுப்புகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பாட்டை எழுதியவர் பெயர் இல்லாத கட்டுரை இனி இங்கே அச்சேறாது.