ராஜஸ்தான்ல ஜெய்சல்மேர் போறோம், கோட்டைக்குள்ளயே ரூம் எடுக்கலாமா, வெளியில தங்கலாமா?

வயசானவங்களையும் கூட்டிட்டுப் போறீங்கன்னு நினைச்சுக்கிட்டு சொல்றேன், வெளியிலயே தங்குங்க. தனியா போனாலும் என் பதில் இதேதான்.

2022 டிசம்பர்ல நானும் வீட்டுக்காரரும் எங்கப்பாவும் போனோம். அப்பா மதுரையில 35 வருஷம் கொத்தனாரா இருந்து மேஸ்திரி ஆனவர், கோட்டை கோயில்னா உயிரு, அதனால அவருக்காகவே கோட்டைக்குள்ள, கொத்தளத்து (மதில்ல வட்டமா துருத்திட்டிருக்கிற காவல் மேடை) மேல இருக்கிற ஒரு ஹோட்டல்ல ரூம் போட்டேன். ஆட்டோ கோட்டைக்குள்ள தசரா சௌக்ங்கிற சதுக்கம் வரைக்கும்தான் வந்துச்சு, அதுக்கப்புறம் கல்லு பாவின சந்துல மாட்டையும் பைக்கையும் ஒதுங்கி ஒதுங்கி பெட்டிய தூக்கிட்டுப் போனோம். ஜன்னல்ல உக்காந்தா ஊரே கீழ தெரியும், அழகுதான், இல்லேங்கல.

மறுநாள் காலையில அப்பா பாத்ரூம் சுவத்துல கைய வச்சுட்டு கூப்பிட்டார். மஞ்சக்கல்லு மாவு மாதிரி உதிர்ந்து அவர் கையில ஒட்டியிருந்துச்சு. "தாயி, இந்தக் கல்லு தண்ணி குடிச்சுப் போச்சு. வெளி மதில சாந்தே இல்லாம கல்ல கல்லோட கவ்வ வச்சு அடுக்கியிருக்கான், அடியில ஈரம் எறங்குனா எப்படி நிக்கும்?" அன்னிக்கு ஷவரத் தொடவே இல்ல, அரை வாளித் தண்ணியில குளிச்சார், எங்களையும் அப்படியே குளிக்கச் சொன்னார்.

அப்புறம் தேடிப் படிச்சா அவர் சொன்னதுதான் விஷயமே. 1156ல ராவல் ஜெய்சல் கட்ட ஆரம்பிச்ச கோட்டை, மழையே அபூர்வமா பெய்யுற ஊரு. கடிசர் ஏரியில இருந்து குடத்துல சுமந்து வந்த தண்ணிய அந்தக் காலத்து ஜனங்க பாத்துப் பாத்துதான் செலவு பண்ணியிருக்காங்க. இப்ப குழாய் வந்து, ஹோட்டல் வந்து, ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு பாத்ரூம் வந்து, அத்தன தண்ணியும் சரியா வெளியேறாம குன்றுக்குள்ள எறங்குது, கீழ இருக்கிற களிமண் அடுக்கு ஊறி இளகுது. 1996லயே பழைய கட்டடங்களப் பாதுகாக்கிற உலக நினைவுச்சின்ன நிதியம்ங்கிற அமைப்பு இத ஆபத்துல இருக்கிற இடங்களோட பட்டியல்ல சேத்துருச்சு. 2013ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்லயும் வந்துச்சு. 2024 ஆகஸ்ட் மழையில மதில்ல ஒரு பகுதி சரிஞ்சு விழுந்தப்ப அப்பா போன் பண்ணி "நாம தங்குன பக்கமா அது"ன்னு கேட்டார்.

உடனே சில பேர் வருவீங்க, உள்ள இருக்கிற ஜனங்க பொழப்புல மண்ணப் போடுறியான்னு. இல்லைங்க. அவங்க தலைமுறை தலைமுறையா அங்கயே வாழ்றவங்க, அவங்கள யாரும் போகச் சொல்லக் கூடாது. வடிகால் சரி பண்ண வேண்டியது அரசாங்கம், அதையும் ஒத்துக்கிறேன். பகல் முழுக்க உள்ளயே இருங்க, ஜைனக் கோயில் பாருங்க, அங்கயே சாப்பிடுங்க, துணி வாங்குங்க, காசு அவங்களுக்குத்தான் போகும். ராத்திரி குளியலும் கக்கூஸும் மட்டும் கீழ வச்சுக்கோங்கன்றேன்.

இதச் சொல்லும்போது எனக்கு இன்னொரு ஆத்திரம் வருது. எங்க ஃப்ளாட் கட்டும்போது பாத்ரூம் தரையில வாட்டம் சரியில்ல, தண்ணி எறங்கும்னு அப்பா தலையால அடிச்சுக்கிட்டார். பில்டரோட இன்ஜினியர் பையன் "பெரியவரே, உங்க காலம் வேற"ன்னுட்டான். ரெண்டே வருஷத்துல கீழ் வீட்டு சீலிங் ஒழுகி அவங்க எங்க கூட சண்டை. கையால கட்டினவங்க பேச்ச ஏன் யாருமே காதுல வாங்க மாட்டேங்கிறீங்க?

சரி, ஹோட்டல் கதைக்கு வரேன். ஆன்லைன்ல ரூம் வாடகை ரொம்ப கம்மியா இருந்துச்சு, ஏன்னு அங்க போனப்புறம்தான் புரிஞ்சுது. ஒட்டக சஃபாரி எங்ககிட்டதான் புக் பண்ணணும்னு போனதும் ஆரம்பிச்சாங்க, அப்பாவுக்கு முதுகு வலி முடியாதுன்னு சொன்னதும் முகமே மாறிருச்சு, ரெண்டாம் நாள் வெந்நீர் இல்ல, மூணாம் நாள் ரூம் வேற ஆளுக்கு வேணும்னுட்டாங்க. அந்தக் குளிர்ல அவர நிக்க வச்சது எனக்கு இன்னும் ஆறல.

கோட்டைக்கு வெளிய, கீழ ஊருக்குள்ள காந்தி சௌக் பக்கம் ஒரு சின்ன ஹோட்டலுக்கு மாறினோம். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போனா மொத்தக் கோட்டையும் எதிர்ல, வெயில் சாயச் சாய கல்லு தேன் நிறமா மாறுது. அப்பா கொத்தளத்த ஒண்ணொண்ணா எண்ண ஆரம்பிச்சார், 99 இருக்காம், இருட்டுறதுக்குள்ள அந்தப் பக்கம் தெரிஞ்சத மட்டும்தான் எண்ண முடிஞ்சுது. உள்ள இருந்த ரெண்டு நாளும் இந்தக் காட்சி எங்களுக்குக் கிடைக்கவே இல்ல.

நீங்க புக் பண்ணும்போது கோட்டை தெரியுற மொட்டை மாடி இருக்கான்னு கேளுங்க, சஃபாரி வேணாம், ரூம் மட்டும்தான்னு முதல்லயே மெசேஜ்ல எழுதி வாங்கிக்கோங்க.