ஐரோப்பா ஒரே நாடானால் மகளின் ஜெர்மன் குடியுரிமை என்னவாகும்?

கேள்வி: திருமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். மகள் மியூனிக்கில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். ஐரோப்பிய நீல அட்டையில் போனவள், இப்போது ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா என்று கேட்கிறாள். “ஐரோப்பிய ஒன்றியம் அமெரிக்கா மாதிரி ஒரே நாடாகப் போகிறது, ஜெர்மன் குடியுரிமைக்கே அப்போது அர்த்தமிருக்காது, கொஞ்சம் பொறுக்கட்டும்” என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். நீல அட்டை வாங்கியபோதே இந்தியக் குடியுரிமை போய்விட்டது என்று இன்னொருவர் பயமுறுத்துகிறார். திருமங்கலம் வீட்டையும் சோழவந்தானில் உள்ள இரண்டு ஏக்கர் நஞ்சையையும் அவள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதலாம் என்றிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். நீல அட்டை வேலை பார்த்துக்கொண்டு அங்கே வசிப்பதற்கான அனுமதி, அவ்வளவுதான். 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவுப்படி, ஒருவர் தானாக விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றால் இந்தியக் குடியுரிமை போகும். வசிப்பு அனுமதி நிரந்தரமானதாகவே இருந்தாலும் அந்தப் பிரிவுக்குள் வராது. உங்கள் மகள் இன்றைக்கும் இந்தியக் குடிமகள்தான்.

அடுத்து, சம்பந்தி வீட்டார் சொல்வது. இறையாண்மை உள்ள நாடுகளின் ஒன்றியம் ஒரு கூட்டாட்சி நாடாக மாற முடியுமா என்றால், முடியும். சரித்திரத்தில் நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றியம் நாளாக ஆக இறுகி, ஒருநாள் தானாகவே நாடாகிவிடும் என்று நினைப்பது தவறு. உறுப்பு நாடுகள் தங்கள் அதிகாரத்தைத் திரும்ப வாங்க முடியாதபடி எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க மூன்று இடங்களில் கை வைத்தால் போதும்: அடிப்படை ஆவணத்தைத் திருத்த எல்லோருடைய சம்மதமும் வேண்டுமா, மைய அரசு தன் அதிகாரத்திலேயே வரி போட முடியுமா, உறுப்பினர் நினைத்தால் விலக முடியுமா.

இதற்கு நமக்கு அடுத்துள்ள புதுக்கோட்டையே நல்ல உதாரணம். 1947இல் சமஸ்தானங்களுக்கென்று தயாரித்த இணைப்புப் பத்திரத்தை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதுகாப்பு, வெளியுறவு, போக்குவரத்து மற்றும் தகவல் தொடர்பு ஆகியவற்றைத்தான் மன்னர் விட்டுக்கொடுக்கிறார். தன் சம்மதம் இல்லாமல் இந்த நிபந்தனைகளை மாற்றக்கூடாது என்கிறது 5ஆவது கூறு. வருங்கால அரசமைப்பு எதையும் ஏற்றுக்கொள்ளத் தான் கட்டுப்பட்டவர் அல்ல என்கிறது 7ஆவது. தன் இறையாண்மை தொடர்கிறது என்கிறது 8ஆவது. சமஸ்தானங்கள் அந்தப் பத்திரத்தோடு நின்றிருந்தால், அவற்றைப் பொறுத்தவரை இந்தியா ஒரு ஒன்றியமாக மட்டுமே இருந்திருக்கும். நிற்கவில்லை. 1948 மார்ச் 3 அன்று புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. பிறகு வந்த அரசமைப்பின் 3ஆவது கூறுப்படி ஒரு மாநிலத்தின் எல்லையை நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையிலேயே மாற்றலாம். மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை. விலகும் உரிமையும் கிடையாது. பழைய ஒப்பந்தங்களை வைத்து வழக்குப் போடவும் 363ஆவது கூறு தடை போடுகிறது.

அமெரிக்காவிலும் முதலில் இருந்தது வெறும் கூட்டுதான். 1781இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய முதல் ஒப்பந்தத்தில் மையத்துக்கு வரி போடும் அதிகாரம் இல்லை. மாநிலங்களிடம் பணம் கேட்கலாம், வந்தால் உண்டு. இறக்குமதிக்கு 5 சதவீதத் தீர்வை போடலாம் என்றொரு திருத்தம் வந்தது. திருத்தத்துக்குப் பதின்மூன்று மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். 1782இல் ரோட் ஐலண்ட் என்ற சின்னஞ்சிறு மாநிலம் மறுத்தது, திருத்தம் செத்தது. 1787இல் எழுதிய புதிய அரசமைப்பு அந்தப் பதின்மூன்றுக்குப் பதிலாக ஒன்பது போதும் என்று வைத்துக்கொண்டது. பழைய ஒப்பந்தத்தின் திருத்த விதியைத் தாண்டித்தான் அந்த நாடு உருவானது. விலக முடியாது என்பதை உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1869இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வருவோம். அதற்கு நாடாளுமன்றம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, இருபது நாடுகளுக்கு மேல் ஒரே நாணயம் புழங்குகிறது. ஒன்றியச் சட்டம் உறுப்பு நாட்டுச் சட்டத்துக்கு மேலானது என்று 1964இலேயே அதன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதையெல்லாம் பார்த்துத்தான் நாடாகிவிட்டது என்று சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. அடிப்படை ஒப்பந்தத்தைத் திருத்த 48ஆவது கூறுப்படி 27 நாடுகளும் ஒப்புதல் தர வேண்டும். புதிய வருவாய் இனம் எதையும் சேர்க்க, எல்லா அரசுகளும் ஒருமனதாக முடிவெடுத்து, ஒவ்வொரு நாடும் தன் முறைப்படி அதை ஏற்க வேண்டும். தேசப் பாதுகாப்பு அந்தந்த நாட்டின் தனிப் பொறுப்பு. விலகுவதற்கு 50ஆவது கூறு இருக்கிறது. பிரிட்டன் அதன் வழியாக 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியும் விட்டது. ‘அரசமைப்பு’ என்ற பெயரிலேயே ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்து பார்த்தார்கள். 2005இல் பிரான்ஸ் மக்களும் நெதர்லாந்து மக்களும் வாக்களித்து அதைத் தள்ளிவிட்டார்கள்.

உங்கள் மகள் விஷயத்தில் முக்கியமானது ஜெர்மனியின் நிலை. ஐரோப்பியக் கூட்டாட்சி நாட்டில் சேர்வதற்கு இப்போதுள்ள ஜெர்மன் அரசமைப்பு அதிகாரம் தரவில்லை. அதற்கு ஜெர்மன் மக்களே நேரடியாக முடிவெடுக்க வேண்டும் என்று அங்குள்ள அரசமைப்பு நீதிமன்றம் 2009 ஜூன் 30 அன்று தீர்ப்பளித்தது. ஆக, ஜெர்மனி சேர வேண்டுமானால் நாடாளுமன்ற வாக்கெடுப்பு மட்டும் போதாது. இன்னும் 26 நாடுகளும் தத்தம் வழியில் இசைய வேண்டும். இதற்காக ஒரு விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமே இல்லை.

‘ஐரோப்பியக் குடியுரிமை’ என்று தனியாக ஒன்றை யாரும் விண்ணப்பித்து வாங்க முடியாது. உறுப்பு நாட்டின் குடியுரிமை இருந்தால் அது கூடவே வரும். மூலப்பத்திரம் ரத்தானால் அதைக் காட்டி வாங்கிய பட்டா நிற்காது அல்லவா, அப்படித்தான். பிரிட்டன் விலகியதும் பிரிட்டிஷ் குடிமக்கள் ஐரோப்பியக் குடியுரிமையை இழந்தார்கள் என்று 2022இல் ஒன்றியத்தின் நீதிமன்றம் உறுதி செய்தது. பிரான்சில் பல வருடம் குடியிருந்தவர்களுக்கும் அதே கதிதான். எனவே கையில் இருக்க வேண்டியது ஜெர்மன் குடியுரிமை. நாளைக்கே ஒன்றியம் நாடானாலும், அதன் குடிமக்கள் புதிய நாட்டின் குடிமக்களாவதுதான் இயல்பு. புதுக்கோட்டைக்காரர்கள் 1949 நவம்பர் 26 அன்று அரசமைப்பின் 5ஆவது கூறுப்படி இந்தியக் குடிமக்கள் ஆனபோது யாரும் மனுப் போடவில்லை.

விண்ணப்பிப்பதாக இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். 2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, இந்தியா அனுமதிக்கவில்லை. குடியுரிமைச் சான்றைக் கையில் வாங்கும் அன்றைக்கே இந்தியக் குடியுரிமை போய்விடும். அதன்பின் பழைய இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒரு தடவைகூடப் பயணம் செய்யக்கூடாது, அது குற்றம். அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதை ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொண்டு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். இங்கே வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் அதையும் நீக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில்தான் நீங்கள் தவறு செய்ய இருந்தீர்கள். வீட்டை மகளுக்கு செட்டில்மெண்ட் எழுதலாம், தடையில்லை. நஞ்சையை எழுதாதீர்கள். அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரோ ஓசிஐ அட்டைதாரரோ விவசாய நிலத்தை விலைக்கும் வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. மகள் குடியுரிமை மாறாமல் இந்தியராகவே இருந்தாலும் இதே தடைதான். சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்துவிட்டார் என்பதால் மீறல் சரியாகிவிடாது. ஆனால் வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை. நஞ்சைக்கு மட்டும் இரண்டு சாட்சிகளை வைத்து உயில் எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்து வையுங்கள். உங்கள் காலத்துக்குப் பின் மகள் அந்த நிலத்தை விற்பதானால், இந்தியாவில் வசிப்பவருக்குத்தான் விற்க முடியும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.